பாய் விரித்த இடம்

தம்பி மகள் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரயிலேறி, நாங்கள் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்கு வந்து, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவாள். சில மாதங்களுக்கு முன் வந்தபோது ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தாள். பார்சலோனா, மார்செய், ஜெனோவா, ரோம், பலெர்மோ. ஐந்து ஊர்களுக்கும் நடுவே அம்புக்குறிகள். ஒவ்வோர் அம்புக்குறியின் தலையிலும் பென்சிலால் வரைந்த மூன்று சின்னப் படங்கள்: ரயில், கப்பல், விமானம். எந்த இடத்தில் எதில் போவது என்று எங்களைக் கேட்க வந்திருந்தாள். மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த பணம் கையில் இருந்தது. வீட்டில் ஏழு பேர். ஏழு பேரும் சேர்ந்து போக வேண்டும் என்பது அவள் ஆசை.

அவள் அதை எவ்வளவு அக்கறையாகச் செய்திருந்தாள் என்று பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்தது. பார்சலோனாவில் மாலையில் கப்பல் ஏறினால் ரோமுக்குப் பக்கத்தில் இருக்கும் சிவித்தாவெக்கியாவுக்கு மறுநாள் மாலை போய்விடலாம்; ஓர் இரவுக்கு விடுதிச் செலவு மிச்சம். ரயில் என்றால் மார்செய், நீஸ், வெந்திமில்யா, ஜெனோவா என்று கடற்கரையை ஒட்டியே வரலாம். ஆனால் பாட்டியை வைத்துக்கொண்டு வண்டி மாற வேண்டும். விமானம் மலிவு, இரண்டு மணி நேரம்கூட ஆகாது, ஆனால் பெட்டிக்குத் தனிக் கட்டணம். கடைசி அம்புக்குறிக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தாள். ரோமிலிருந்து பலெர்மோவுக்குப் போகும் இரவு ரயில், மெசினா நீரிணை வந்ததும் துண்டு துண்டாகக் கழற்றப்பட்டு, கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் தண்டவாளத்தில் ஏற்றப்படுகிறது. பயணிகள் படுத்தபடியே கடலைக் கடக்கலாம்.

அம்மா கீழே உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். தலையும் குடலும் ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம். கையை நிறுத்தாமல் கேட்டார்.

"ரயில கப்பல்ல ஏத்துறானா?"

"ஆமா பாட்டி. இன்னமும் ஏத்துறாங்க."

அம்மா இன்னும் நாலைந்து நெத்திலியைக் கிள்ளினார். பிறகு, "நாகப்பட்டணத்துக்கு இப்ப எப்படிம்மா போறது?" என்றார்.

யாருக்கும் உடனே பதில் வரவில்லை. திருச்சிக்கு எப்படிப் போவது என்று கேட்டிருந்தால் வீட்டில் எந்தப் பிள்ளையும் சொல்லியிருக்கும். கோலாலம்பூரில் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அம்மா கேட்டது திருச்சியை இல்லை என்பது எனக்குப் புரிந்தது. அவர் ஒரு வழியைக் கேட்டார். தாம் ஒரே ஒரு முறை போய்வந்த வழி.

1955இல் அம்மாவுக்கு எட்டு வயது. எங்கள் தாத்தாவின் தாயார் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் படுத்த படுக்கையாகக் கிடப்பதாகக் கடிதம் வந்தது. தாத்தா இங்கே டவுனுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, நிரை நிரையாக மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்த மனிதர். துரையிடம் விடுப்புக் கேட்டு, கிராணியிடம் கடிதம் வாங்கி, பத்திரங்களைச் சரி செய்து, கப்பல் வரும் நாளுக்குக் காத்திருந்து, குடும்பத்தோடு கிளம்ப ஐந்து வாரம் ஆனது.

கிளம்பிய காலமும் சாதாரணக் காலம் இல்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீண்டது. தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி, வாசலில் சோதனை. காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று அரிசியை அளந்து கொடுத்த நாள்கள். பயணத்துக்குப் பாட்டி கட்டிய கட்டுச்சோற்றை வாசலில் பிரித்துப் பார்த்து, எடுத்துப் போகக் கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டார்களாம். எழுபது ஆண்டு ஆகியும் அந்தப் புளிச்சோற்றின் வாசனை அம்மாவுக்கு மறக்கவில்லை. "இலையோட வாங்கி மேசை மேல வச்சுட்டான். நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனேன்" என்பார்.

ரயிலில் தாத்தா கண் மூடவில்லை. ரயிலுக்கு முன்னால் இரும்புக் கவசம் போட்ட சின்ன வண்டி ஒன்று பாதையைப் பார்த்துக்கொண்டே ஓடும் காலம் அது. அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது. தாத்தாவுக்கு வேறொன்றும் இருந்தது. அவருடைய அண்ணனை ஜப்பான்காரன் காலத்தில் இதே தண்டவாளத்தில்தான் வடக்கே கொண்டு போனார்கள். 1942இலிருந்து 1943 அக்டோபருக்குள் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாகத் தமிழர்களை அள்ளிக்கொண்டு போன கதை இங்கே ஒவ்வொரு லயத்துக்கும் உண்டு. பெரிய தாத்தா திரும்பவில்லை. எங்கள் குடும்பத்தில் ரயில் என்றால் வெறும் வாகனமாக இருந்ததே இல்லை. இன்றைக்கு மின்சார ரயிலில் குளிர்சாதனப் பெட்டியில் உட்கார்ந்து தம்பி மகள் கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டு வருவதை நினைக்க எனக்கு மகிழ்ச்சிதான். அந்தத் தடத்தில் யாராவது ஒருவர் பயமில்லாமல் பயணம் செய்ய வேண்டும் அல்லவா.

பிறையில் இறங்கி, படகில் பினாங்குத் தீவுக்கு. தீவில் இருந்த ரயில் நிலையக் கட்டடத்தில் ரயிலே கிடையாது, தண்டவாளமும் கிடையாது. ரயிலும் படகும் ஒரே பயணமாகக் கருதப்பட்டதால், கடலுக்கு அந்தப் பக்கம் சீட்டுக் கொடுக்க மட்டும் மணிக்கூண்டோடு ஒரு நிலையத்தைக் கட்டியிருந்தார்கள். கட்டடம் இன்றும் ஜார்ஜ் டவுனில் நிற்கிறது. சுங்கத்துறை இருக்கிறது அதில். பிறகு ரஜுலா.

ரஜுலா என்ற பெயரைச் சொன்னால் இங்கே எழுபது வயது தாண்டிய எவர் முகமும் மாறும். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குச் சொந்தம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய் வந்து போய் வந்தே அதன் ஆயுள் முடிந்தது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. டெக் பயணிக்கு அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாய் விரித்த இடம்தான் வீடு.

அதனால் ஏணியில் காலை வைத்ததும் தாத்தா பெட்டி, மூட்டை, மனைவி, மக்கள் எல்லாரையும் கீழேயே விட்டுவிட்டுப் பாயை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். அடுப்படிப் புகை வரக் கூடாது. கழிவறை பக்கத்தில் இருக்கக் கூடாது. காற்று வர வேண்டும், மழைச் சாரல் அடிக்கக் கூடாது. இவ்வளவையும் ஒரு நிமிடத்தில் பார்த்துப் பாயை விரித்து, அதன் மேல் உட்கார்ந்து, "இங்க வாங்க, இங்க" என்று துண்டை ஆட்டினாராம். ஐந்து ராத்திரி அந்தப் பாயின் மேல். தலைசுற்றலுக்கு எலுமிச்சம்பழம். தட்டில் கப்பல்காரன் போடும் சோறும் பருப்பும். இடப்பக்கத்துப் பாயில் தைப்பிங்கிலிருந்து வந்த ஒரு குடும்பம், வலப்பக்கத்தில் நாகூர் வியாபாரி ஒருவர். தைப்பிங் வீட்டுப் பெண்ணுக்கும் அம்மாவுக்கும் ஒரே வயது. அந்தக் கப்பல் சிநேகம் ஐம்பது ஆண்டுக்கு மேல் நீடித்தது. தீபாவளிக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் முறுக்கு வாளியோடு போய் வருவார்கள். அந்த அத்தை இறந்தபோது அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரோடு அப்படி ஓர் உறவு உண்டானதாக நான் யார் சொல்லியும் கேட்டதில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாது, தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகுகள் வந்து ஆள்களை இறக்கிக்கொண்டு போகும். அம்மா அதைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டுவார்.

"படகு மேல வரும், கீழ போயிரும். மேல வரும், கீழ போயிரும். ரெண்டு பேரு என் கக்கத்துல கை கொடுத்துத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு இருந்தாங்க. மேல வர்ற நேரமாப் பாத்து விட்டுட்டாங்க. கீழ நின்னவரு புடிச்சுக்கிட்டாரு. அந்த மட்டுக்கும் நடுவுல நான் எங்கயும் இல்ல."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கப்பலிலும் இல்லை, படகிலும் இல்லை, மலாயாவிலும் இல்லை, இந்தியாவிலும் இல்லை. எட்டு வயதுச் சிறுமி ஒரு கணம் காற்றில் இருந்திருக்கிறாள்.

அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது கொள்ளுப்பாட்டிக்குக் கருமாதி முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. இதை எழுதாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆக மாட்டேன். இன்று ஊரில் ஒருவர் இறந்தால் இங்கிருந்து மறுநாளே போய் முகம் பார்க்கலாம். அதைத் தந்தது விமானம். அந்தக் கப்பல்களை நினைத்துக் கண் கலங்குகிறவர்கள் சிலர், அவை யாருக்காக ஓடின என்பதை மறந்துவிடுகிறார்கள். 1907இல் குடியேற்ற நிதி ஒன்றை ஏற்படுத்தி, ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம் போட்டு, கங்காணிகளை ஊர் ஊராக அனுப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தார்கள். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை அந்த ஆள் சேர்ப்பு நடந்தது. வந்தவர்களைப் பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவுத் தடுப்பு முகாமில் இறக்கி, அம்மைக்குப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆனபோது, சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்கள் சுமார் அறுபதாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, தாங்கள் மறந்தே போன ஊர்களுக்கு. இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளிகள் தெருவுக்கு வந்த காலத்தில், அவர்களிடமே சிறுகச் சிறுகப் பணம் திரட்டி 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்கினார். கப்பல் ஏற வேண்டிய நிலை வராமல் நாலு குடும்பமாவது இங்கே வேர் பிடிக்கட்டும் என்ற பாடு அது. கப்பல் என்பது எங்களைக் கொண்டு வந்து போட்டது, கொண்டும் போனது. இரண்டிலும் அழுகை இருந்தது.

அவ்வளவும் தெரிந்தும் எனக்கு ஓர் ஆதங்கம் இருக்கிறது. ரஜுலாவை 1973இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்றார்கள். மறு ஆண்டே உடைத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் உயிரிழந்தார்கள். அதோடு அந்தத் தடம் அற்றுப் போயிற்று. நூறு ஆண்டுக்கும் மேலாக எங்களைச் சுமந்த வழி ஒன்று மூடிக்கொண்டது. அதைப் பற்றி இங்கே யாரும் ஒரு கூட்டம் போட்டுப் பேசியதாக எனக்கு நினைவில்லை. என் வயதுக்காரர்கள் விமானத்துக்கு மாறிக்கொண்டோம். எங்கள் பேச்சும் மாறிற்று. அம்மா இன்றும் "ஊருக்குப் போறது" என்றுதான் சொல்வார். ஊர் என்றால் இந்தியா, விளக்கம் தேவையில்லை. என் தம்பி "இந்தியா போறோம்" என்கிறான். அவன் மகள், "இந்தியா ட்ரிப்" என்கிறாள். மூன்றும் ஒரே இடத்தைக் குறிக்கும் சொற்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மத்தியதரைக் கடலைப் பற்றி அம்மாவின் பேத்தி நோட்டில் எழுதி வைத்திருந்த பக்கங்களை அன்று இரவு எடுத்துப் படித்தேன். தரைகளுக்கு நடுவே கிடக்கும் கடல் என்று பெயரே சொல்கிறது. அந்தக் கடலைச் சுற்றி இருக்கிறவர்கள் அதைப் பிரிவாகப் பார்ப்பதைவிட முற்றமாகப் பார்த்தே பழகியவர்கள். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பெர்னாண்ட் பிரோதெல் 1949இல் வெளியிட்ட பெரிய நூலுக்கு நாயகனே அந்தக் கடல்தான். அவருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, 2013இல், சுனில் அம்ரித் வங்காள விரிகுடாவை அதேபோல் நடுவில் வைத்து ஒரு வரலாறு எழுதினார். நாகப்பட்டினமும் பினாங்கும் ரங்கூனும் அதில் ஒரே வீட்டின் அறைகள்போல வருகின்றன. சோழர் காலத்துக் கடாரம் என்பது இன்றைய கெடா என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது இந்தக் கரையிலிருந்த அரசனின் பொருளால். நாகூர் ஆண்டவருக்கு நாகூரில் தர்கா. பினாங்கு சூலியா தெருவில் இன்னொரு தர்கா, கடல் கடந்தவர்கள் நன்றிக்கடனாகக் கட்டியது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடி அதிர்ந்தபோது எழுந்த பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் கொண்டு போயிற்று. பினாங்கில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அன்று மத்தியானம் அம்மா தொலைக்காட்சி முன் உட்கார்ந்து இரண்டு ஊர்ப் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, "ஒரே தண்ணிதான" என்று சொன்னார். நாங்கள் மறந்திருந்ததை அவர் மறக்கவில்லை.

பேத்தி எழுதிய பக்கங்களில் என்னை மிகவும் அசைத்தது ஒரு சின்னக் குறிப்பு. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் வேலைக்குப் போன மொராக்கோக்காரர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கோடை வந்தால் காரில் பாயும் தலையணையும் கட்டிக்கொண்டு ஸ்பெயின் முழுக்க ஓட்டி வந்து, அல்ஜெசிராஸில் கப்பலேறித் தாஞ்சியருக்குப் போகிறார்கள். அண்மை ஆண்டுகளில் ஒரு கோடையில், எல்லாத் துறைமுகங்களிலும் போக வரச் சேர்த்து, முப்பது லட்சம் பேருக்கு மேல். அவர்களுக்கும் விமானம் உண்டு. இருந்தும் கூட்டம் கூட்டமாகக் கப்பலில் போகிறார்கள். சுரங்கத்துக்கும் ஆலைக்கும் கூலிகளாகப் போனவர்களின் வம்சம், நம்மைப் போன்றவர்கள். அவர்கள் பிள்ளைகள் ஆண்டுக்கொரு முறையாவது கடலைக் கண்ணால் பார்த்துக் கடக்கிறார்கள். அங்கே நீரிணை ஒடுங்கிய இடத்தில் பதினான்கு கிலோமீட்டர்தான், நமக்கு நடுவில் கிடப்பது சுமார் 2,300 கிலோமீட்டர் என்று யாராவது சொல்லலாம். உண்மை. ஐந்து நாள் விடுப்பு எந்தத் தொழிற்சாலையும் கப்பலில் உட்கார்ந்திருக்கத் தராது. அதே கடலில் ரப்பர் படகுகளில் வந்து மூழ்கிப் போகிறவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அங்கே எல்லாம் பொன்னாக இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. பயணத்தைத் திட்டமிடும்போது அவர்களுக்கு முன்னால் மூன்று படங்கள் இருக்கின்றன. எங்கள் நாகப்பட்டினத்து அம்புக்குறியில் ஒரே படம்.

இன்னொன்றும் மனத்தில் தைத்தது. மலேசியக் கடப்பிதழ் இருந்தால் அந்த ஐந்து ஊருக்கும் விசா இல்லாமல் தொண்ணூறு நாள் இருக்கலாம். கொள்ளுப்பாட்டியின் கருமாதி நடந்த ஊருக்குப் போக அம்மா இணையத்தில் விண்ணப்பம் போட்டு, தகப்பனார் பிறந்த ஊர் எது என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும்.

மறுநாள் காலை தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது பேத்தி கத்தினாள். "பெரியப்பா, நாகப்பட்டினத்துல கப்பல் இருக்கு!"

இருந்தது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் நடுவே பயணிகள் கப்பல் தொடங்கியிருந்தது. முதலில் ஓடியது செரியபாணி என்ற விரைவுக் கப்பல். சில நாளிலேயே மழைக்காலம் என்று நிறுத்திவிட்டு, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். நாலு மணி நேரப் பயணம். நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்கு இல்லை, இலங்கைக்குத்தான். ஆனாலும் அது நாகப்பட்டினத்திலிருந்து புறப்படும் ஒரு கப்பல்.

அதன் பிறகு அந்த நோட்டுப் புத்தகத்தில் நடந்தது எனக்கு ஒரு கலையைப் பார்ப்பதுபோல இருந்தது. பேத்தி புதிய பக்கம் திருப்பினாள். சுங்கை சிப்புட்டிலிருந்து பட்டர்வொர்த் வரை ரயில். பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு ஃபெர்ரி. கார் எடுத்தால் பாலத்தில் நேராக விமான நிலையம் போய்விடலாம் என்று தம்பி சொன்னான், அவள் கேட்கவில்லை. பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் 2024 டிசம்பரில் வந்துவிட்டது; கோலாலம்பூர் வரை இறங்கிப் போக வேண்டாம். எழும்பூரில் இரவு காரைக்கால் ரயில். திருவாரூர் தாண்டி விடியும்போது நாகப்பட்டினம். மன்னார்குடிப் பக்கம் ஒரு நாள், நாகூரில் ஒரு வேளை. பிறகு கப்பல். காங்கேசன்துறையில் ரயில்; போரில் அழிந்துபோன அந்தத் தடத்தில் 2015இல்தான் மறுபடி வண்டி ஓடத் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு. அங்கிருந்து விமானத்தில் வீடு.

யாழ்ப்பாணம் என்றதும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் என்றாலே யாழ்ப்பாணத்தார்தான். மலாயா ரயில்வேயின் சீட்டு, கணக்கு, தந்தி எல்லாம் அவர்கள் கையில். தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள். அவர்கள் வீட்டு முற்றத்துக்குள் காலை வைத்ததில்லை. மொழி ஒன்றாக இருந்தும் நடுவே ஒரு நீரிணை கிடந்தது. இந்தத் தண்டவாளத்தை நடத்தியவர்கள் எந்த மண்ணிலிருந்து வந்தார்கள் என்று பிள்ளைகள் பார்க்கட்டும் என்றான் தம்பி. அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஒரு காலத்தில் எழும்பூரில் வாங்கிய சீட்டிலேயே கொழும்பு வரை போகலாம். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும், தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னார் வரை நீராவிக் கப்பல், அங்கே காத்திருக்கும் இன்னொரு ரயில். போட் மெயில் என்று பெயர். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் பாம்பன் ரயிலையும் சேர்த்து விழுங்கியது. ராமேஸ்வரத்திலிருந்து கொஞ்ச காலம் கப்பல் ஓடியது, பிறகு போர். மெசினாவில் ரயிலைக் கப்பலில் ஏற்றுகிறார்கள் என்று வியந்த வீட்டுக்கு, நம் கடலிலும் ரயிலும் கப்பலும் கை கோத்து நின்ற செய்தி புதிதாக இருந்தது.

சிக்கல்கள் வந்தன. பேத்தியின் தம்பிக்கு நீண்ட விடுமுறை ஆண்டுக் கடைசியில். அப்போது வடகிழக்குப் பருவமழை. நாகையில் கப்பல் ஓடாது. ஆண்டு நடுவில் வரும் சின்ன விடுமுறையில்தான் போக முடியும். அதிலும் காற்று அடித்தால் கப்பலை நிறுத்துவார்கள் என்பதால் நாகப்பட்டினத்தில் இரண்டு நாள் கூடுதலாக வைக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் பெரிய கேள்வி. கப்பல் சீட்டை முன்கூட்டி வாங்கலாமா, நிறுத்தினால் பணம் வருமா, ஏழு பேருக்கும் இலங்கை அனுமதி எப்போது போடுவது. செலவைக் கூட்டிப் பார்த்ததில் நேராகத் திருச்சி போய் வருவதைவிட இரண்டு மடங்குக்கு மேல். தம்பி மனைவி, "இவ்வளவு சுத்தணுமா அண்ணே?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். நியாயமான கேள்வி. அவளுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: போய்ச் சேருகிற இடத்தில் அம்மாவுக்குத் தெரிந்தவர் ஒருவரும் உயிரோடு இல்லை. வழியில்தான் அம்மாவுக்கு எல்லாம் இருக்கிறது.

பார்சலோனா பக்கம் கிழிக்கப்படவில்லை. நோட்டுப் புத்தகத்தின் கடைசியில் இருக்கிறது. அது அடுத்த முறைக்கு.

பயணம் வரும் ஆண்டு. அதற்கு முன் அம்மாவின் கால் ரயில் படிக்கட்டுக்குத் தாங்குமா என்று பார்க்கப் போன மாதம் பேத்தி வேலைக்குத் திரும்பியபோது நாங்கள் இருவரும் கூடவே ரயிலேறினோம். கோலகங்சார், தைப்பிங், பாகான் சிராய் என்று ஸ்டேஷன் பெயர்களை அம்மா முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார். முன்பு ரப்பராக இருந்த இடத்தில் செம்பனை. "இது எங்க காடு மாதிரியே இல்ல" என்றார். பட்டர்வொர்த்தில் இறங்கி நடைபாதை வழியே ஃபெர்ரிக்கு வந்தோம். பழைய மஞ்சள் படகுகள் போய்விட்டன. 2023இல் வந்த புதியவை, கண்ணாடி அடைத்துக் குளிரூட்டியவை. அம்மா உள்ளே உட்கார மறுத்து வெளியே காற்று வரும் இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலப்பக்கம், தீவின் வடமுனையும் பெருநிலமும் விலகி, நடுவில் வெளிக்கடல் தெரிந்தது.

"அந்த வாய் வழியாத்தான் வெளிய போச்சு" என்றார். பேத்தி அவர் தோள் மேல் கன்னத்தை வைத்து அவர் விரல் காட்டிய பக்கமே பார்த்தாள். தீவின் சுவெட்டன்ஹாம் துறையில் வெள்ளையாக ஓர் உல்லாசக் கப்பல் நின்றது.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. படகு தீவை அணைத்ததும் எல்லோரும் பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள். அம்மா கம்பியை விடவில்லை.

"இன்னொரு வாட்டி போயிட்டு வரலாமாம்மா?"

பேத்தி மணியைப் பார்த்தாள். வேலைக்கு இன்னும் நேரம் இருந்தது. பாட்டியின் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு, திரும்பிப் போகிறவர்களின் வரிசையில் போய் நின்றாள்.